அறுபது என்று சொன்னார்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை கனம், பை கனம், சேலை ஓரமெல்லாம் சேறு. கணக்கெடுப்பு வேலை இரண்டாவது வாரம். இன்று பிள்ளையார்பாளையம். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நடக்க, குளிக்க, சாப்பிட, எழுந்து உட்கார அடுத்தவர் உதவி வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்களா, அவர்களுக்கு என்ன வயது. நான் கேட்பேன். கூட வரும் ரேவதி போனில் தட்டுவாள். எனக்கு வாய் ஓடும், அவளுக்கு விரல் ஓடும். நல்ல ஜோடி.

ஒரு சந்தில் பாதி தூரம் போய்விட்டோம். பின்னாலிருந்து ஒரு அம்மாள் கூப்பாடு.

"யம்மோவ்! உன் செருப்பு இங்கயே கெடக்குது பாரு!"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. கணுக்கால் வரை சேறு. எப்போது கழன்றது? ஈரம் தெரியவில்லை. ஜல்லி குத்தியது தெரியவில்லை. ரேவதி சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, யாரை நெனச்சிக்கினு நடக்குறீங்க?" நானும் சிரித்து வைத்தேன்.

முதல் தடவை இல்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்பிருந்தே இப்படி. படி ஏறும்போது வலது கால் வருகிறது, ஆனால் கூப்பிட்டவுடன் வருவதில்லை. யோசித்து வருகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் செருப்பு கழன்றதை மட்டும் சொன்னேன். "பொழுது சாஞ்சா வாயைத் தொறக்க மாட்டேன்னு பட்டினி கெடக்குற. கால் தள்ளாடாம இன்னா பண்ணும்?" என்றார். பட்டுக்கடை வேலை முடிந்து, இருட்டினால் சாப்பிடக் கூடாதென்பதை மறந்து, வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிற ஜைனர் சொல்கிறார். என் அம்மா, அவள் அம்மா எல்லோரும் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டவர்கள்தான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாங்க வேண்டியது: பின்னால் வார் வைத்த செருப்பு. உளுந்து. மாலினிக்கு ஊக்கு.

நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரன், "வார் வெச்சது சின்னப் புள்ளைங்களுக்கு வரும், இல்ல வயசானவங்களுக்கு வரும். உங்களுக்கு ஏம்மா?" என்றான். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கா வாய் இல்லை!

இன்று பார்த்தது:

ஒரு மாடி வீடு. "அப்படி எங்க வீட்டுல யாரும் இல்லீங்க." உள்ளே யாரோ சுவரைத் தட்டும் சத்தம். விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. "பூனைங்க" என்றார் வீட்டுக்காரர். பூனைக்குக் கை முளைத்ததை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

அதற்கு அடுத்த தெரு. பாயில் ஒரு பையன். மழித்த முகம், பச்சையாகத் தாடி வேர். அவன் அம்மா, "கொழந்தைங்க. பத்து போட்டுக்குங்க" என்றாள். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருக்க வேண்டியதுதானே. "பத்து வயசுப் புள்ளைக்கு யாரும்மா ஷேவிங் பண்றது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நான்தான்" என்றாள். "நேத்து கன்னத்துல கீறிடுச்சு. கத்தவே இல்ல அவன்."

பத்தொன்பது என்று பிறகு அவளே சொன்னாள். பெரியவனாகிவிட்டான் என்று ஒத்துக்கொண்டால் இனி சரியாகாது என்று அர்த்தமாம். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். மதியம் வரை தலைவலி.

ஒரு நெசவாளி வீடு. தறிமேல் போர்வை போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலும் நீட்டியபடி. மனைவிதான் பேசினாள். "அறுபது போட்டுக்கம்மா." தலையில் ஒரு நரை இல்லை. கழுத்துத் தோல் இறுகி இருக்கிறது. ஆதார் கேட்டோம். பீரோ சாவி காணோமாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண்ணுக்குக் கல்யாண வயது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனை தாண்டுவதற்குள் அந்த மனைவி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நாப்பத்து மூணுதான் அவருக்கு. யாராண்டயும் சொல்லிடாதீங்க. பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கறோம்."

"அதுக்கு வயசை ஏம்மா ஏத்துறீங்க?"

"நாப்பதுல கால் போச்சுன்னா பரம்பரை நோயான்னு கேப்பாங்க. பொண்ணுக்கும் வருமோன்னு எழுந்து போயிடுவாங்க. அறுபதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா. வயசுன்னு உட்ருவாங்க."

"அவரு ஒத்துக்கினாரா?"

"மொதல்ல அழுதாரு. இப்ப பழகிடுச்சு. கோயிலுக்குத் தூக்கிக்கினு போனா, பெரியவருக்கு வழி உடுங்கன்றாங்க. தலையை ஆட்டிக்கினு போறாரு."

சாயங்காலம் மேலதிகாரி மேடம் எங்கள் தெருக்களின் கணக்கைப் பார்த்தாள். சின்னப் பெண், படித்தவள், நல்லவள். "வயசானவங்கதான் அதிகமா வர்றாங்க. நாம நெனச்ச மாதிரியேதான் இருக்குதுங்கக்கா" என்றாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தது கண்ணில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இந்த ஊரில் உதவி வேண்டியவர்கள் ஒன்று குழந்தை, இல்லை கிழம். நடுவில் இருக்கிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

செவிலிமேட்டில் இறங்கும்போது கண்டக்டர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். "பாத்து, பெரியம்மா." நான் கேட்கவே இல்லை அவனை.

நவம்பர் 7, வெள்ளி

மறுபடி மழை. இன்று அரை நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து மாலினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அரிசி வியாபாரம், ஒரே பையன், சாந்தமான முகம். மாலினிக்குப் போட்டோ பிடித்திருக்கிறது. காட்டிக்கொள்ளாமல் மூன்று தரம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எங்கள் ஆட்களில்தான் தேட வேண்டும், இருப்பதே கொஞ்சம் ஊர். ஒரு ஊரில் தும்மினால் அடுத்த ஊரில் 'நூறு' என்பார்கள். ஒரு இடம் தட்டிப்போனால் ஏன் தட்டியது என்று எல்லா ஊரும் பேசும்.

செய்ய வேண்டியது: திரை துவைக்க. ரவை, முந்திரி. டம்ளர் செட் பரணிலிருந்து இறக்க (இவரைவிட்டு). தலைக்கு டை.

டையைக் கிண்ணத்தில் கலக்கும்போது மாலினி வந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மா, இந்த வாரம் வேணாம்மா."

"ஏன்டி? வகிடெல்லாம் வெள்ளை தெரியுது. வர்றவங்க கிழவின்னு நெனைப்பாங்க."

"நெனச்சா நெனைக்கட்டும்மா. அப்பாதான் சொன்னாரு."

கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் நேற்று நெசவாளியின் மனைவி சொன்னது மறுபடி காதில் விழுந்தது. அறுபதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா.

அப்படியானால் இவருக்குத் தெரியும். பட்டினி, வாயு, ரத்தசோகை என்று சொல்லிக்கொண்டே என் காலைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். எவ்வளவு நாளாக? நான் படியில் சுவரைப் பிடிப்பதை, உட்கார்ந்து சேலை கட்டுவதை, எல்லாம். நான் ஒளித்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

நவம்பர் 8, சனி

மழை நின்றது. சொட்டு மட்டும்.

துணிகளுக்கு அடியிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

எல்லாப் படத்திலும் அம்மா நாற்காலியில். மற்றவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். வெளிர் நிறச் சேலை, நகை குறைவு. வயசானவங்க, பாவம், நிக்க முடியாது என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு படத்தில் நான் பக்கத்தில் குனிந்திருக்கிறேன், என் தோளில் அவள் கை. ஆசையாகப் பிடித்திருக்கிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பார்த்தால் விரல்கள் அழுந்தி இருக்கின்றன. விழாமல் இருக்கப் பிடித்திருக்கிறாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

செய்யாற்றுப் பக்கம் மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. போன் போட்டேன். மழை, நெல், மாலினி வரன் எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

"மாமா, என் கல்யாணத்தப்ப அம்மாவுக்கு இன்னா வயசு?"

"அறுபது இருக்கும்மா."

"உங்களுக்கு இப்ப எவ்ளோ?"

"அறுபத்தெட்டு முடிஞ்சி போச்சு. எதுக்குக் கேக்குற?"

"அம்மா உங்களைவிட எவ்ளோ பெரியவங்க?"

"ரெண்டு வருஷம்."

அவருக்கும் கணக்குத் தெரியும். இருந்திருந்தால் அம்மாவுக்கு இப்போது எழுபது. எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். என் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்பத்தைந்து. இப்போதைய என்னைவிடச் சின்னவள்.

"மாமா?"

"உன் கல்யாணம் நடக்கணும் இல்லம்மா? உன் மாமியார் வீட்டுல எதுக்கு கால் வரலைன்னு கேட்டாங்க. நாங்க எல்லாருமாத்தான் சேந்து சொன்னோம். அக்காவும் சரின்னுச்சு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சொல்லுவாங்க இல்ல."

"எந்தக் கால் மாமா மொதல்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எந்தக் கால்?"

"சோத்தாங்கால்."

வலது கால். போனை வைத்துவிட்டேன்.

அம்மா போனபோதும் வயசாகிப் போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பெற்ற மகள், ஒரு நாள் கூட்டிக் கழித்துப் பார்த்ததில்லை. ஊரெல்லாம் போய் வயது கேட்கிறேன்.

இருட்டுவதற்குள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட மனமும் இல்லை. இவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப உங்க வீட்டுல என்கிட்டயே சொன்ன பொய்யா இது?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் மாலினியின் அறைப் பக்கம் பார்த்தார். உள்ளே போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. "நாளைக்கு அவங்க வர்றாங்க விமலா. நாளைக்கு ஒரு நாள் எதுவும் பேசாத" என்றார். கெஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். சகுனம் நல்லது என்றார்கள் வந்தவர்கள்.

பையன், அவன் அம்மா, அப்பா, ஒரு அத்தை. பொழுதோடு சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும் என்று மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். கேசரி, பஜ்ஜி. எல்லாம் மாலினியே கொண்டுவந்து வைத்தாள். என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் இவர். வெளிர் நிறச் சேலை. அதை நானேதான் எடுத்துக் கட்டினேன், யாரும் சொல்லவில்லை. கட்டி முடித்த பிறகு ஆல்பம் ஞாபகம் வந்தது, மாற்ற நேரமில்லை.

நல்ல ஜனங்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பையனின் அம்மா பூ கொடுக்க என்னைக் கூப்பிட்டார். எழுந்தேன், வலது கால் பின்தங்கியது, இவர் சட்டென்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால்ல என்னாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

மாலினி தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

இவர் சிரித்தார். "அம்பத்தொம்போது முடியுதுங்க. எங்களுக்கு கொழந்தையே லேட்டு. வயசாயிடுச்சு, வேற ஒண்ணும் இல்லீங்க."

"அதானே பாத்தேன்! வயசுன்னா அப்படித்தாங்க. எனக்கே முட்டி புடிச்சுக்குது." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க ஒக்காருங்க, பெரியவங்க."

அவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

நான் தலையை ஆட்டினேன். "ஆமாங்க" என்றும் சொன்னேன். அந்த நெசவாளி தலையை ஆட்டிக்கொண்டு போவார் என்றாளே, எப்படி ஆட்டுவார் என்று தெரிந்துவிட்டது. மாலினியின் முகத்தில் ஒரு நிம்மதி. தன் அப்பா ஏதோ ஒரு சின்னப் பொய் சொன்னார், அது செல்லுபடியாகிவிட்டது, அவ்வளவுதான் அவளுக்கு. அது தன்னைப் பற்றிய பொய் என்று அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 10, திங்கள்

தூறல். சம்மதம் என்று காலையிலேயே போன் வந்தது. தையில் வைத்துக்கொள்ளலாமாம். இவர் கடைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனார்.

மாலினி ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வாசலில் நின்று பார்த்தேன். முகத்தை இல்லை, காலை. இடது, வலது, இடது, வலது. திரும்பிக் கையசைத்தாள். நான் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையசைக்க மறந்துவிட்டேன்.

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று ரேவதியிடம் சொன்னேன். "காலைப் பாத்துக்கோங்கக்கா" என்றாள். காய்ச்சலுக்குக் காலை ஏன் பார்க்க வேண்டும்? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அம்மாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தைந்தில் அறுபதாக உட்கார்ந்தவள். யாராவது ஒரு டாக்டரிடம் காட்டினார்களா? காட்டியிருக்க மாட்டார்கள். வயசுக்கு என்ன வைத்தியம்? அவளும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லியிருக்கலாம். இரண்டும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் பயம்.

சொன்னால் கல்யாணம் போகும். ஊர் பேசும். சொல்லாவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் மாலினி சேற்றில் ஒற்றைச் செருப்போடு நடப்பாள், யாரோ பின்னாலிருந்து கத்துவார்கள்.

அரிசி ஊறவைக்க மறந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. மாலினிக்கு லீவு.

"வந்துட்டுப் போயிட்டாங்க இல்ல, இப்ப டை அடிச்சுக்கலாம் வாம்மா" என்று அவளே கலக்கிக்கொண்டு வந்தாள். பழைய துணியைத் தோளில் போட்டு, பின்னால் நின்று வகிடு வகிடாகப் பூசினாள். கல்யாணப் பேச்சு. எந்தக் கலர் பட்டு, அப்பா கடையில் எடுத்தால் நல்ல விலைக்குக் கிடைக்குமா, அவனுக்கு எட்டு மணிக்கு மேல் தூக்கம் வந்துவிடுமாம், போனிலேயே கொட்டாவி. சிரித்தாள். எனக்கு முன்னால் கண்ணாடி. அவள் முகம் தெரிந்தது. சொல்ல வேண்டாம், இன்று வேண்டாம், தை முடியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வாய் கேட்கவில்லை. என் வாய் என்றைக்குக் கேட்டிருக்கிறது?

"மாலினி, ஆயாவுக்கு ரொம்ப வயசாகி கால் வராமப் போகலடி."

"தெரியும்மா, அறுபதுல."

"நாப்பத்தஞ்சு. அறுபதுன்னு சொன்னாங்க. என் கல்யாணத்துக்காக."

பிரஷ் நின்றது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற பெண், கணக்கு அவளுக்கு உடனே வரும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல்களை மடக்கி நிமிர்த்தினாள். முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால்.

"செய்யாறு தாத்தாவுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி எண் தேடி, காதில் வைத்தாள். எழுந்து அவளைத் தடுக்கலாம் என்று பார்த்தேன், கால் யோசித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ, நரம்பு டாக்டரைப் பாக்கணுங்க. நாளைக்கு ஒரு டோக்கன்." பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். "இல்லீங்க. ரெண்டு."

அந்தப் பக்கம் பெயரும் வயதும் கேட்டிருப்பார்கள்.

"விமலா, நாப்பத்தேழு" என்றாள். "மாலினி, இருபத்து நாலு."